மாப்பிள்ளை வீட்டு நாய்க்கு வெடி ஆகாது

மதுரைப் பழங்காநத்தத்தில் யார் வீட்டுப் பூனை சாப்பிடாமல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும், யார் வீட்டு நாய் விருந்தாளியின் வேட்டியைக் கவ்வினாலும், எண்பதுகளின் தொடக்கத்தில் ஆட்கள் முதலில் போய் நின்றது அன்னக்கொடியின் வீட்டு வாசலில்தான். மாட்டாஸ்பத்திரிக்கு அதற்கு அப்புறம்தான் போவார்கள். அவள் மருந்து கொடுப்பவள் அல்ல, மந்திரிப்பவளும் அல்ல. வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். காபி கொடுத்தால் குடிப்பாள். அப்புறம், "இதுக்கு ஒண்ணுமில்ல, பயந்திருக்கு" என்பாள். இல்லாவிட்டால், "கோவிச்சுக்கிட்டிருக்கு" என்பாள். எதற்குப் பயம், யார்மேல் கோபம் என்பதையும் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவாள்.

பக்கத்துத் தெருவில் தறி போட்டிருந்த சௌராஷ்டிரக் குடும்பம் ஒன்று. அந்த வீட்டுச் சூடாமணியம்மாள் வளர்த்த கிளி ஒருமுறை தன் இறகைத் தானே பிய்த்துப் போட ஆரம்பித்தது. கூண்டை மாற்றினார்கள், கொவ்வைப்பழம் தேடிப் போட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு அந்தக் கிளியோடு பேச ஆளில்லை என்று கண்டுபிடிக்க அன்னக்கொடிக்கு ஒரு தம்ளர் காபி குடிக்கிற நேரம்தான் ஆயிற்று. "கூண்டைக் கொண்டுபோயித் தறிக்குப் பக்கத்துல மாட்டுங்கக்கா. நாலு பேரு பேசுறது காதுல விழட்டும்" என்றாள். தறியில் உட்கார்ந்தவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கிளி கெட்ட வார்த்தையும் கற்றுக்கொண்டது. ஆனால் இறகு முளைத்துவிட்டது.

இப்படிப்பட்டவள் கல்யாணமாகி வந்த புதிதில் நாயைக் கண்டால் சேலையைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கினாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பித்தான் ஆகவேண்டும், அவளே சொல்லிச் சிரிக்கிற கதை அது.

அவள் பிறந்தது அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அப்பா முத்திருளன் விவசாயி. இளவட்டக் காலத்தில் வாடிவாசலில் மாடு பிடித்தவர். முறுக்கிய மீசையும் தொடையில் ஒரு கொம்புத் தழும்புமாக நடந்து வந்தால் எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அந்த வீட்டில் நாய் என்றால் கொல்லையில் கிடப்பது. சோறு மிஞ்சினால் அதற்கு உண்டு, மிஞ்சாவிட்டால் அது வேறு வீடு பார்த்துக்கொள்ளும். பேர்கூடக் கிடையாது, "ஏய்" என்றால் வரும்.

எழுபத்தேழு ஆவணியில் அன்னக்கொடியைப் பழங்காநத்தத்தில் இருந்த நல்லகாமனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு மில்லில் ஷிப்ட் வேலை. வாடகை வீடு, ஒரு அறை, ஒரு அடுப்படி. அந்த வீட்டில் இன்னொருவரும் இருக்கிறார் என்பதை மட்டும் தரகர் சொல்லவில்லை.

அதன் பேர் சங்கு. மில் வாசலில் குட்டியாகக் கிடந்ததை நல்லகாமன் தூக்கி வந்திருந்தான். மில்லில் சங்கு ஊதும்போதெல்லாம் மூக்கை வானத்துக்குத் தூக்கி அதுவும் கூடவே ஊளையிடும், அதனால் அந்தப் பேரே நிலைத்துவிட்டது. செவலை நிறம், ஒரு காது எப்போதும் மடிந்தே இருக்கும்.

வலது காலை எடுத்து வைத்து வந்த மணப்பெண்ணுக்கு எதிரே வாசல்படியில் அது வாலை விறைப்பாகத் தூக்கி, மெதுவாக ஆட்டிக்கொண்டு நின்றது. "வாலை ஆட்டுதுல்ல, ஒண்ணும் செய்யாது, வா" என்றார் ஒரு உறவுக்காரர். அன்னக்கொடி அவர் பேச்சை நம்பி அடி எடுத்து வைத்தாள். அது உறுமிய உறுமலில் ஆரத்தித் தட்டு கவிழ்ந்து, உறவுக்காரரின் வெள்ளை வேட்டி செக்கச்செவேல் என்று ஆனது.

அன்றிலிருந்து வீட்டில் மல்லுக்கட்டுதான். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டிருந்தால் நடுவில் வந்து உட்காரும். நல்லகாமன் அவள் கையைத் தொட்டால் அவன் முழங்கையை மூக்கால் முட்டித் தூக்கும். கட்டிலில் அவள் உட்கார்ந்தால் போதும், கட்டிலடியில் இருந்து ஒரு பெருமூச்சு வரும், பாருங்கள், எந்த மாமியாரும் அப்படி விட்டதில்லை.

"எனக்குச் சக்களத்தி ஒருத்தி இருக்கான்னு யாருமே சொல்லலையே" என்றாள் அன்னக்கொடி.

"அது கடுவன் நாய்டி" என்றான் நல்லகாமன்.

"கடுவனுக்கே இம்புட்டுன்னா!"

ஒரு நாள் அவளுடைய புதுச் செருப்பில் ஒன்றைக் காணோம். தேடினால், சங்கு தன் சாக்கில் அதை வைத்து, அதன்மேல் தாடையை ஊன்றிப் படுத்திருந்தது. அவள் விளக்குமாற்றைத் தூக்கிவிட்டாள். நல்லகாமன் குறுக்கே வந்து, "கடிச்சிருக்கான்னு பாரு. கடிக்கல. நீ யாரு, எப்பிடின்னு மோந்து பாத்துப் பழகிக்கிட்டிருக்கு" என்றான்.

"என்னையப் பழகுறதுக்கு என் செருப்புத்தான் கெடச்சுச்சாக்கும்?"

நல்லகாமன் அதிகம் பேசாதவன். மில்லில் காது அடைக்கிற சத்தத்தில் நிற்கிறவர்கள் பலருக்கும் அந்தப் பழக்கம் வந்துவிடும், முகத்தையும் கையையும் பார்த்தே பேசிக்கொள்வார்கள். நாயிடமும் அவன் அப்படித்தான் பழகியிருந்தான். வாலை விறைத்து ஆட்டினால் அது சந்தோஷமல்ல, "அங்கேயே நில்லு" என்று அர்த்தம். உடம்பெல்லாம் சேர்ந்து ஆடினால்தான் சந்தோஷம். தூங்கி எழாத நேரத்தில் கொட்டாவி விட்டால் அதற்கு ஏதோ சங்கடம். சாப்பிடாத நேரத்தில் உதட்டை நக்கிக்கொண்டால் பயம். முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ பார்ப்பதுபோல் பாவனை செய்தால், "என்னைக் கொஞ்சம் விட்டுவிடு" என்று கேட்கிறது. இதையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல அன்னக்கொடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொண்டாட்டிக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தெரியாத ஆள், நாயின் கொட்டாவிக்கு உரை எழுதுகிறானே என்று அவளுக்கு ஆத்திரமும் வந்தது.

ஆனாலும் அவன் ஷிப்டுக்குப் போன பிறகு அவளும் பார்க்க ஆரம்பித்தாள். வேறு என்ன வேலை அந்த ஒற்றை அறையில்? முதலில் கறித்துண்டு போட்டு வசியம் பண்ணப் பார்த்தாள். சங்கு கறியைத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, முதுகைக் காட்டிப் படுத்தது. பிறகு ரோஷத்தில் அவளும் அதைக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நாய் பக்கமே பார்க்கவில்லை. கீரை பாதி ஆய்ந்திருக்கும், அவள் கணுக்கால்மேல் ஏதோ கனமாக, சூடாக வந்து விழுந்தது. சங்கின் தலை. அன்னக்கொடிக்கு மூச்சு விடவே பயம். அசைந்தால் எழுந்துவிடுமோ என்று கால் மரத்துப் போகும்வரை அப்படியே இருந்தாள். அன்று சாயங்காலம் நல்லகாமன் வந்து சோறு கேட்டபோது, "இன்னும் ஒல வைக்கல, ஆனா ஒரு சங்கதி கேளுங்க" என்று அவள் அவன் கையைப் பிடித்து இழுத்த சந்தோஷத்தில் அவனுக்குப் பசியே மறந்துவிட்டது.

ஐப்பசியில் இடி மழை பிடித்துக்கொண்டது. முதல் இடிக்கே சங்கு கட்டிலடியில் போய் ஒடுங்கிவிட்டது. 'பழகினால் சரியாகும்' என்று அன்னக்கொடி அதன் கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்தாள். அது தரையெல்லாம் நனைத்துவிட்டது. தன் கையையே வெட்டிப் போட வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. அதற்குமேல் இழுக்கவில்லை. இட்லிக்கு ஊறப் போட்டதை எடுத்து ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்ட உட்கார்ந்தாள். கல் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது, இடி அந்தச் சத்தத்துக்குள் பாதி அமுங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் சங்கு வயிற்றால் ஊர்ந்து வந்து ஆட்டுக்கல் பக்கத்தில் ஒட்டிப் படுத்தது. மாவு அரைந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. அந்த வாரம் அந்தத் தெரு முழுக்க அவர்கள் வீட்டு இட்லி மாவுதான் போயிற்று.

மழை விட்ட ஒரு காலையில் முத்திருளன் வெற்றிலை பாக்கு, பழத் தட்டோடு பஸ் ஏறி வந்தார். தலைத்தீபாவளிக்கு மகளையும் மாப்பிள்ளையையும் அழைக்க.

"வாங்க மாமா" என்று நல்லகாமன் பாயைப் போட்டான்.

"முதல் நாளே வந்துரணும் மாப்ள. விடியக்காலம் எண்ணெ தேச்சுக் குளிச்சு, புதுத்துணி உடுத்தி, நம்ம வாசல்ல மொத சரம் நீங்கதான் கொளுத்தணும். ஊரே பாக்க வரும். இம்புட்டு நீளத்துக்கு வாங்கிப் போட்டிருக்கேன்" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பிறகு வாசலில் கிடந்த சங்கைப் பார்த்து, "இந்தச் சனியனை எங்கிட்டாச்சும் கட்டிப் போட்டுட்டு வாங்க" என்றார்.

 அவர் போன பிறகு நல்லகாமன் பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்.

"நான் வரல. நீ போயிட்டு வா."

அன்னக்கொடிக்குத் தலையில் இடி விழுந்தாற்போல் ஆயிற்று. தலைத்தீபாவளிக்கு மாப்பிள்ளை இல்லாமல் பெண் மட்டும் போய் இறங்குவதா? அப்பா அந்த மீசையை அப்புறம் எங்கே கொண்டுபோய் வைப்பார்? ஊர் வாய் என்னவெல்லாம் பேசும்?

காரணத்தை அவன் சொன்னான். போன தீபாவளிக்கு யாரோ வாசலில் வைத்த ஒரு வெடிக்குச் சங்கு சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு மதுரையையே சுற்றியிருக்கிறான். நாலைந்து நாள் கழித்துத் திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு வாய்க்காலில், பாதமெல்லாம் கிழிந்து, எலும்பும் தோலுமாகக் கிடைத்தது. இவன் கூப்பிட்டபோது அடையாளம் தெரியாமல் இவனையே பார்த்து நடுங்கியதாம்.  யாரிடமும் விட்டுவிட்டு வர மாட்டான். வெடிக்கிற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகவும் மாட்டான்.

அன்னக்கொடி அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாவை விடவும் முடியாது, இவனை விடவும் முடியாது. உண்மையைச் சொன்னால், அந்தச் செவலைச் சக்களத்தியையும் விட முடியாமல் போயிருந்தது. மறுநாள் காலையில் அவளே முடிவு செய்துவிட்டாள்.

"கூட்டிட்டே போவோம். எங்க தோட்டத்துல மோட்டார் ரூம் இருக்கு. மோட்டார் ஓடுனா வெளிய வானமே இடிஞ்சு விழுந்தாலும் கேக்காது. வெடி ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே அங்க கொண்டுபோயி நான் கூட இருக்கேன். சங்குக்கு நான் பொறுப்பு."

"ஓடிருச்சுன்னா?"

"ஓடிருச்சுன்னா என்னைய அங்கயே விட்டுட்டு வந்துருங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்து, "சரி" என்றான். அந்த ஒரு சொல்லில் அவன் எதை எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கிறான் என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

நாயைப் பஸ்ஸில் ஏற்ற எந்தக் கண்டக்டரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் சர்க்கரை ஆலைப் பக்கம் காலியாகப் போன ஒரு லாரி கிடைத்தது. பட்டுச்சேலை கட்டிய புதுப்பெண் டிரைவருக்குப் பக்கத்தில், புது மாப்பிள்ளையும் நாயும் பின்னால் தார்ப்பாய்மேல். ஊர் மந்தையில் மாலையோடு நின்றவர்கள் பஸ்ஸை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரியின் பின்பலகையைத் திறந்துகொண்டு முதலில் குதித்தது சங்கு, அப்புறம் மாப்பிள்ளை. அன்னக்கொடியின் அம்மா இருளாயி சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். முத்திருளனின் முகம் இறுகிவிட்டது. மாப்பிள்ளையிடம் கோபத்தைக் காட்ட முடியுமா? "மாட்டுக் கொட்டத்துல கெடக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

சாயங்காலமே அன்னக்கொடி சங்கையும் அதன் சாக்கையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். மோட்டார் ரூமில் சாக்கை விரித்து, மோட்டாரைப் போட்டுவிட்டு, கறிச்சோறு வைத்தாள். முதலில் காதை மடக்கிய சங்கு அப்புறம் தின்றது, படுத்தது, உருண்டது. அவளுக்கு ஒரே பெருமை. இருட்டியதும் மோட்டாரை அணைத்துவிட்டு, நாயைக் கொட்டத்தில் கொண்டுவந்து கட்டும்போது, இனி எந்தக் கவலையும் இல்லை என்று நினைத்தாள்.

விடியற்காலையில் அவள் தலையில் இருளாயி எண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நல்லகாமன் துண்டைக் கட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தான், உடம்பெல்லாம் எண்ணெய். குளித்தவுடன் நாயைக் கூட்டிக்கொண்டு போகலாம், அதற்குள் யார் வெடிக்கப்போகிறார்கள் என்பது அவள் கணக்கு. பக்கத்து வீட்டு இளவட்டங்களுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. கொட்டத்துச் சுவருக்குப் பின்னால் ஒரு அணுகுண்டு வெடியை வைத்துவிட்டார்கள்.

சுவர் அதிர்ந்தது. மாடுகள் கத்தின. அன்னக்கொடி ஓடிப்போய்ப் பார்த்தபோது கட்டுத்தறியில் அறுந்த கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

  நல்லகாமன் எண்ணெய் வழிய, துண்டோடு ரோட்டுப் பக்கம் ஓடினான். அவள் தோட்டத்துப் பக்கம் ஓடினாள். தலைவிரி கோலமாக, முகத்தில் எண்ணெய் வழிய, பழஞ்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தலைத்தீபாவளிப் பெண் வரப்பில் ஓடுவதை எதிரே வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். 'கருப்பசாமி, நாயைக் காட்டிக் குடு, எனக்கு வேறொண்ணும் வேணாம்' என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு ஓடினாள். ஊர்ப்பக்கம் சரங்கள் ஒவ்வொன்றாகப் பற்ற ஆரம்பித்திருந்தன.

தோட்டத்தை நெருங்கும்போது மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அவள் நேற்றே அணைத்துவிட்டுத்தானே போனாள்? கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

சாக்கின்மேல் சுவரோரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு முத்திருளன் உட்கார்ந்திருந்தார். துண்டைக் காதோடு சேர்த்து இறுக்கி முண்டாசு கட்டியிருந்தார், அதற்குள்ளிருந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. அவர் கக்கத்துக்குள் தலையைச் சொருகிக்கொண்டு சங்கு. இரண்டு உடம்பும் நடுங்கிக்கொண்டிருந்தன. எது யாருடைய நடுக்கம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நாயைக் கண்ட நிம்மதியில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் அப்பாவைப் பார்த்தாள்.

"மடைக்குத் தண்ணி திருப்பிவிட வந்தேன் தாயி" என்றார் முத்திருளன். மூன்று வாரமாக மழை கொட்டி வயலெல்லாம் தண்ணீர் நிற்கிற ஐப்பசி. சொல்லிவிட்டு அவர் ஒரு கொட்டாவி விட்டார். உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார். முகத்தைத் திருப்பி, மோட்டாரின் பெல்ட்டை ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அன்னக்கொடிக்குச் சட்டென்று புரிந்தது.  பிறந்ததிலிருந்து ஒரு தீபாவளி விடியலில்கூட அப்பாவை வீட்டில் பார்த்ததில்லையே! நல்ல நாளிலும் தோட்ட வேலையை விடாத மனுஷன் என்று ஊரே மெச்சியதை அவளும் நம்பியிருந்தாள். கொம்பு சீவிய காளைக்கு முன்னால் நெஞ்சைக் காட்டி நின்றவர் இத்தனை வருஷமாக இந்த அறைக்குள் தனியாக உட்கார்ந்து நடுங்கியிருக்கிறார்.

அவள் "என்னய்யா?" என்று கேட்கவில்லை. முகத்தைப் பார்க்கவும் இல்லை. பக்கவாட்டில் திரும்பி, தோள் படுகிற தூரத்தில் உட்கார்ந்து, சும்மா இருந்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து முத்திருளன் தானாகப் பேசினார்.

"இந்தக் கெணறு வெட்டுறப்ப பாறைக்கு வெடி வச்சோம், நானும் என் சேக்காளி பேயாண்டியும். திரி அணஞ்சு போச்சுன்னு நெனச்சு அவன் திரும்ப எறங்குனான் தாயி."

  அவர் கை சங்கின் மடிந்த காதைத் தடவிக்கொண்டே இருந்தது.

கதவில் நிழல் தட்டியது. மூச்சு வாங்கிக்கொண்டு நல்லகாமன் நின்றான், எண்ணெய் உடம்பில் ரோட்டுப் புழுதி அப்பி, ஆளே அடையாளம் தெரியவில்லை. நாயைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான், முண்டாசைப் பார்த்தான். அன்னக்கொடி கண்ணால் எதையோ சொல்ல வந்தாள். தேவையே இருக்கவில்லை. கொட்டாவிக்கு அர்த்தம் தெரிந்த ஆளாயிற்றே! அவன் மெல்ல வந்து மறுபக்கம் குந்தி உட்கார்ந்தான்.

"மாமா, சங்கு வேத்தாள்ட்ட இம்புட்டு நேரம் ஒட்டி இருந்ததே இல்ல. நீங்க எந்திரிச்சா அது பயந்துரும். வெடி அடங்குற மட்டுக்கும் கொஞ்சம் அது கூட இருங்களேன். உங்களுக்குச் செரமம்தான்."

முத்திருளன் மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். அவர் நடுக்கம் அப்போதுதான் குறைந்தது.

"அதுக்கென்ன மாப்ள, வாயில்லாச் சீவன். இருக்கேன்" என்றார்.

அன்னக்கொடிக்கு அந்த நிமிஷம் புருஷனை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அப்பா இருந்ததால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

வெயில் ஏறிய பிறகு மூன்று பேரும் நாயுமாக வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை சரம் கொளுத்துவதைப் பார்க்க வந்த கூட்டம் பொறுமை இழந்து வாசலில் நின்றது. முத்திருளன் மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நம்ம வாசல்ல இனிமே வெடி கெடையாது. மாப்ள வீட்டு நாய்க்கு வெடி ஆகாது."

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. மாப்பிள்ளைக்கு மரியாதை செய்வார்கள், மாப்பிள்ளை வீட்டு நாய்க்குமா! முத்திருளன் மாதிரி மாமனார் யாருக்குக் கிடைப்பார் என்று அன்றைக்கு ஊரே பேசிற்று. அவ்வளவு நீளச் சரமும் பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போய்விட்டது.  இருளாயி புருஷனைக் கடந்து போகும்போது அவர் காதில் மறந்து விட்டிருந்த பஞ்சை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு அடுப்படிக்குப் போனாள்.

திரும்பி வரும்போது லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார அன்னக்கொடி சம்மதிக்கவில்லை. பட்டுச்சேலையோடு அவளும் பின்னால் தார்ப்பாயில் ஏறிக்கொண்டாள். சங்கு வந்து இருவருக்கும் நடுவில் உட்காராமல் அவள் மடியில் தலையை வைத்துப் படுத்தது. நல்லகாமன், "ஒன்னைய அங்கயே விட்டுட்டு வரலாம்னு இருந்தேன், இது விடாது போலருக்கே" என்றான். அவன் கேலி பேசி அன்றுதான் முதல் முறையாகக் கேட்டாள். சிலையனேரி, ஆனையூர் எல்லாம் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

அதன் பிறகு வருஷா வருஷம் தீபாவளிக்கு முத்திருளனிடமிருந்து ஆள் வரும். "சங்கைக் கூட்டியாரச் சொன்னாரு" என்பார்கள். பிள்ளைகள் பிறந்த பிறகும் அழைப்பு முதலில் சங்குக்குத்தான். பண்டிகை விடியலில் முத்திருளன் தலை நிமிர்ந்து, தெரு நடுவே, நாயைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு நடப்பார். கேட்டவர்களிடம், "பாவம், ரொம்பப் பயப்படும்ப்பா" என்று சொல்லிக்கொண்டே போவார். மோட்டார் ரூமில் இருவருக்கும் அன்னக்கொடி இட்லியும் கறிக்குழம்பும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் பக்கவாட்டில் உட்கார்ந்துவிட்டு வருவாள். அப்பாவும் மகளும் அந்த அறையில் பேசிக்கொண்டதைப்போல வீட்டில் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. நாயும் பூனையும் வளர்க்கிறவர்கள் வந்து கேட்கும்போது, "இழுக்காதீங்க, அதட்டாதீங்க, பக்கத்துல சும்மா ஒக்காருங்க" என்று மட்டும் சொல்வாள்.

எண்பத்தாறு கோடையில் சங்கு கிழடாகி, ஒரு மத்தியானம் அவள் காலடியில் படுத்தபடியே போய்ச் சேர்ந்தது. நல்லகாமன் ஒரு வாரம் ஷிப்டுக்குப் போகவில்லை. அன்னக்கொடி ஆட்டுக்கல் பக்கம் போகும்போதெல்லாம் அழுதாள். இனி நாயே வேண்டாம் என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள்.

ஐப்பசி பிறந்தது. தீபாவளி நெருங்கியும் ஊரிலிருந்து ஆள் வரவில்லை. ஒரு நாள் காலையில் முத்திருளனே வாசலில் வந்து நின்றார். மீசை நரைத்திருந்தது. கையில் ஒரு மஞ்சள் பை, பை அசைந்துகொண்டிருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பைக்குள் கையை விட்டு ஒரு கறுப்புக் குட்டியை எடுத்துத் தரையில் விட்டார். அது தள்ளாடி நடந்து, அன்னக்கொடியின் கால் விரலைக் கடித்துப் பார்த்தது.

"ஒனக்குன்னுதான் கொண்டாந்தேன் தாயி. நல்ல சாதி. ஒரே ஒரு கொறதான், வெடின்னா ரொம்பப் பயப்படும்" என்றார்.

"ஏய்யா, இது பொறந்ததே போன மாசம் போலருக்கு. இன்னும் ஒரு தீபாவளிகூடப் பாக்கலையே?"

முத்திருளன் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக் காலண்டரைப் பார்த்தார்.

அன்னக்கொடி குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அது அவள் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்து, கொஞ்சமும் பயமில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது.

"ஆமாய்யா, பாத்தாலே தெரியுது, ரொம்பத்தான் பயப்படுது. நீங்கதான் கூட இருந்து பாத்துக்கணும்" என்றாள்.